வெள்ளைக்காரருக்காகச் செய்த மேசை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால்தான். எந்த ‘ர’ எங்கே வரும், எந்த ‘ன’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் சந்தேகம். டீக்கடையில் தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் நான். எழுதுவதும் அப்படியே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. தாளில் அங்கங்கே எண்ணெய்க் கறை இருக்கும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கலில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். என்ன சோப்புப் போட்டாலும் கையை விட்டு எண்ணெய் போவதில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கூட்டம். போன மாதம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் எங்களையெல்லாம் வரச் சொன்னார்கள். பரிசல் ஓட்டுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், மீன் வறுக்கிற பெண்கள், எங்களைப் போல எண்ணெய் தேய்க்கிறவர்கள், எல்லோரும் போனோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். ரோட்டோரம் பெரிய லாட்ஜ் ஒன்று கட்டப் போகிறார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்களாம். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் ஆளுக்கொரு பங்கு உண்டாம்.

“ஒரு வெள்ளைக்காரன் வந்தா, நம்ம ஆளுங்க நூறு பேரு வந்த மாதிரி. அவங்க செலவு பண்ற விதமே வேற” என்றார்.

இளவட்டங்கள் கை தட்டினார்கள். நான் கடைசியில் மூங்கிலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. வாய் திறக்கப் பார்த்தேன். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மீன் வறுக்கிற அக்கா மட்டும் என்னைப் பார்த்துவிட்டார்.

“தம்பியக் கேளுங்கப்பா. வெள்ளைக்காரனுக்கு மேசை போட்ட ஆளு அங்க நிக்குது” என்றார்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பஸ்ஸில் வருகிற நம் குடும்பங்கள் செலவு செய்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். இறங்கியதும் ஆற்றோரம் போய் மீன் வாங்குவார்கள். உயிரோடு துள்ளுகிறதா என்று விரலால் குத்திப் பார்த்து, பேரம் பேசி, கோபித்துக்கொண்டு இரண்டடி போய்த் திரும்பி வந்து வாங்குவார்கள். அந்த மீனை அக்காவைப் போன்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தால் அவரே கழுவி, மசாலா தடவி, வறுத்துக் குழம்பும் வைத்துவிடுவார். மீன் வேகிற நேரத்தில் ஆண்கள் எங்களிடம் வருவார்கள். பாறையில் படுக்கப் போட்டுத் தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்து, தட்டி, சொடக்கு எடுத்துவிடுவோம். எழுந்ததும் அப்படியே அருவியில் போய் நிற்பார்கள். அருவி அடிக்கிற அடியில் எண்ணெய் முழுக்கப் போய்விடும். பிள்ளைகள் பரிசல் கேட்டு அழும். பெண்கள் வளையல் கடையில் நிற்பார்கள். கடைசியில் எல்லோரும் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தூக்கம் சொக்கும் கண்ணோடு பஸ் ஏறுவார்கள். அவர்கள் போன பிறகு பார்த்தால், அவர்களுடைய காசு எங்களில் பத்துப் பேர் மடியில் சில்லறையாகப் பிரிந்து கிடக்கும். யாருக்கும் அதிகமில்லை. ஆனால் யாரும் வெறும் கையோடு வீட்டுக்குப் போக மாட்டோம்.

கஷ்டம் என்னவென்றால், இது வருசம் முழுக்க இல்லை. பள்ளிக்கூட லீவு, ஆடிப் பதினெட்டு, காணும் பொங்கல், இவ்வளவுதான். நடுவில் கர்நாடகத்தில் மழை கொட்டினால் ஆறு செங்காவியாக ஏறிவிடும், போலீஸ்காரர்கள் அருவிக்குப் போகிற வழியை அடைத்துவிடுவார்கள். கார்த்திகையும் மார்கழியும் அதைவிட மோசம். ஆற்றில் தண்ணீர் அழகாக இருக்கும், ஆள் இருக்காது. மலைக்குப் போகிற சாமிகளின் பஸ்கள் மட்டும் வரிசையாக வரும். விரதக்காரர்கள் எண்ணெய் தொட மாட்டார்கள், மீனும் தின்ன மாட்டார்கள். அவர்கள் சரணம் சொல்லிக் குளித்துவிட்டுப் போவதை நானும் அக்காவும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த மாதிரி ஒரு மார்கழியில்தான் என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பாலக்கோட்டுப் பக்கம் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. எங்களுக்குள் சண்டை வருகிற அளவுக்கு நான் பேசினதே இல்லை. அங்கே பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கிற கொட்டகையில் அவளுக்கு வேலை கிடைத்தது. கொதிக்கிற தண்ணீரில் விரலை விட்டு நூல் நுனி தேடுகிற வேலை. வாரம் தவறாமல் கூலி. புறப்படுகிற அன்று அவள் சொன்னது இதுதான்:

“நீங்க குடிக்கிற ஆளு இல்ல, அடிக்கிற ஆளு இல்ல. உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க. வருசம் பூரா அடுப்பு எரியற மாதிரி ஒரு வழி பண்ணுங்க. பென்னாகரத்துல ஒரு வூடு பாருங்க, புள்ளய அங்க பள்ளிக்கூடத்துல சேக்கலாம். அன்னிக்கே வந்துடறேன்.”

அதனால் அடுத்த வருசம் முழுக்க எனக்கு இருந்த ஒரே நினைப்பு பென்னாகரத்து வீடுதான். ஆடிக் கூட்டத்தில் கிடைத்ததைத் தொடாமல் வைத்தேன். ஓட்டு வீடு ஒன்று பேசி வைத்திருந்தேன். அட்வான்ஸ் கொடுக்கிற அளவு சேர்ந்தும்விட்டது. ஆனால் அட்வான்ஸ் ஒருமுறை கொடுப்பது, வாடகை மாசா மாசம். மார்கழியில் என்ன செய்வது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் ஒரு டிரைவர் பழக்கமானார். பெங்களூரிலிருந்து வெள்ளைக்காரர்களைக் காரில் கூட்டி வருகிறவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார், யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். அவர் கூட்டி வருகிறவர்கள் அருவியைச் சுற்றிப் பார்க்கும்போது அவர் என் பாறைப் பக்கம் வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவார். நான் கழுத்தைப் பிடித்துவிடுவேன். காசு வாங்க மாட்டேன், அவரும் கொடுக்க மாட்டார்.

“ஏன் குரு” என்றார் ஒருநாள். “மத்தவனுங்க எல்லாம் ‘வாங்க சார், மசாஜ் சார்’னு கத்தறானுங்க. நீ மட்டும் கோயில் தூணு மாதிரி நிக்கறியே?”

“கூச்சமா இருக்குதுங்க.”

“சரி பிடு, விட்டுத் தள்ளு. கத்தாம பொழைக்க ஒரு வழி சொல்லட்டுமா? வெள்ளைக்காரங்கள புடி. மார்கழி, தை, மாசி, அவங்க ஊருல பனி கொட்டும். அப்பதான் எங்க வண்டி நிக்காம ஓடும். உனக்கு ஆளில்லாத மாசம், அவங்களுக்கு சீசன். புரியுதா?”

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரு வருசமாக நான் தேடிக்கொண்டிருந்த கணக்கு அதுதான்.

“ஆனா ஈரப் பாறையில வெள்ளைக்காரன் படுப்பானா குரு? கோவளத்துல நான் பாத்தேன். உசரமா ஒரு மேசை. மேல வெள்ளைத் துண்டு. நெழல்ல போட்டு வெச்சிருக்கான். நீ மேசை போடு. ஆளக் கொண்டாந்து விடறது என் வேலை. வர்றதுல பாதி எனக்கு.”

நான் மறுப்புச் சொல்லவில்லை. கூச்சத்தினால் மட்டும் இல்லை, அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. ஒருவன் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறானோ அவ்வளவுக்கு அவனுக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்றுதான் நம் வீட்டில் விருந்தாளி வந்தால்கூட நினைப்போம். பக்கத்து ஊர்க்காரனுக்குப் பாய், பட்டணத்துக்காரனுக்கு நாற்காலி. அப்படியென்றால் கடல் தாண்டி வருகிறவனுக்கு மேசைதானே?

பென்னாகரத்தில் ஒரு முஸ்லிம் பாய் தச்சு வேலை செய்கிறார். அவரிடம் போனேன்.

“நீளம் சொல்லுங்க” என்றார்.

வெள்ளைக்காரர்கள் எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று சொல்லத் தெரியாமல் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

“அம்மாம் பெரிய ஆள எங்கிருந்துங்க புடிச்சாந்தீங்க? அகலம்?”

“ஒரு ஆளு படுத்தா போதுங்க. ரெண்டு பக்கமும் நின்னு தேய்க்கணும்.”

“கட்டிலும் இல்ல, பெஞ்சும் இல்ல. சரி, பண்ணித் தரேன். இந்த மாதிரி நானும் பண்ணது இல்ல.”

நல்ல வேங்கை மரத்தில் செய்தார். நான் கேட்காமலே வார்னிஷ் அடித்து முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கி வைத்திருந்தார். மேசை, இரண்டு வெள்ளைத் துண்டு, சந்தன வாசனை போட்ட எண்ணெய், இதற்கெல்லாம் ஓட்டு வீட்டு அட்வான்ஸ் போய்விட்டது. அது எனக்குப் பெரிய பயமாகத் தெரியவில்லை. தை மாதத்துக்குள் திரும்பிவிடும் என்று இருந்தேன். தீபாவளிக்குப் பாலக்கோடு போனபோது மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன்.

“தை மாசம் வூட்டுக்கு வந்துடலாம்.”

“நெசமாவா?” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மேசையைப் பரிசல்துறைக்கு மேலே ஒரு புங்க மரத்தடியில் போட்டேன். முதல் நாளே ஊர் கூடிவிட்டது. மீன் வறுக்கிற அக்கா கரண்டியோடு வந்து மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்னா தம்பி, பொணம் எப்ப வருது?”

“அக்கா, சும்மா இருங்க.”

“இல்ல, பெரியாஸ்பத்திரியில அறுக்கற எடத்துல இப்படித்தான் ஒண்ணு கெடக்குது. வெள்ளைத் துணி வேற போட்டிருக்கியே.”

அந்தப் பேச்சு நிலைத்துவிட்டது. அதன்பிறகு நம் ஆட்கள் ஒருவரும் அந்த மேசையில் படுக்கவில்லை. வருசா வருசம் என்னிடமே வருகிற நல்லம்பள்ளி விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தனி ரேட்டா? வேணாங்க, எனக்குப் பாறையே போதும்” என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். பாறையிலேயே தேய்த்துவிடுகிறேன் என்று பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பரிசல்காரர் ஒருவர் மட்டும் வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று ஏறிப் படுத்தார். எண்ணெய் ஊற்றி முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினேன். வார்னிஷும் எண்ணெயும் சேர்ந்து, கூடையிலிருந்து நழுவுகிற கெளுத்தி மாதிரி மனுசன் தலைப்பக்கமாகப் போய் மண்ணில் விழுந்தார். அவருக்கு அடிபடவில்லை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாறை சொரசொரப்பாக இருப்பதனால்தான் எண்ணெய் பூசிய உடம்பு அதில் நிற்கிறது என்பதை அத்தனை வருசம் தொழில் செய்தும் நான் யோசித்ததில்லை. அன்று சாயங்காலம் ஆற்று மணலை அள்ளிவந்து, பாய் அடித்த வார்னிஷை நானே தேய்த்து எடுத்தேன்.

கார்த்திகை போயிற்று. மார்கழி வந்தது. காலையில் மேசையைத் துடைத்துத் துண்டை விரித்துவிட்டு நிற்பேன். சாமிகளின் பஸ் வரும், போகும். டிரைவரின் கார் வரவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். கூட்ட நாட்களில் அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. யாரும் இல்லாதபோது அது தலைக்குள்ளேயே கேட்கிறது. மத்தியானம் அக்கா ஒரு தட்டில் மிச்சச் சோறு கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு, எதுவும் கேலி பேசாமல் போவார். கேலி பேசாதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது கார் வந்தது. ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். இரண்டு பேருக்கும் என் வயசு இருக்கும். டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

“குரு, ரெடியா? துண்டு சுத்தமா இருக்கா?”

எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. அவர்கள் மேசைப் பக்கம் வந்தார்கள். அந்த அம்மா கையிலிருந்த பையை மேசை மேல் வைத்தார். பிறகு தானும் ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். பெங்களூர் ஓட்டலிலேயே கட்டிக்கொடுத்த சாப்பாடு. ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு. தண்ணீரும் அங்கிருந்தே கொண்டு வந்திருந்தார்கள். அக்காவின் சட்டியிலிருந்து மீன் வாசனை வந்தது. வெள்ளைக்காரர் மூக்கை உறிஞ்சிச் சிரித்துக்கொண்டே வயிற்றில் கை வைத்துக் காட்டினார். ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தம்.

சாப்பிட்டு முடித்ததும் டிரைவர் மேசையைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொன்னார். வெள்ளைக்காரர் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே, ஆற்றோரம், எங்கள் ஆள் ஒருவர் தர்மபுரிக்காரர் ஒருவரைப் பாறையில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். விரலை நீட்டினார். அந்தப் பாறைதான் வேண்டும்.

“என்ன சொல்றாருங்க?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

டிரைவர் பிடரியைச் சொறிந்தார். “மேசை அவங்க ஊருலயே இருக்காம் குரு. பாறைக்குத்தான் வந்தாராம்.”

பாறையில்தான் தேய்த்துவிட்டேன். வெள்ளைத் தோல் அவ்வளவு சீக்கிரம் சிவக்கும் என்று எனக்குத் தெரியாது, கொஞ்சம் பயந்து மெதுவாகத் தேய்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடியே இருந்தார். எழுந்து அருவியில் போய் நின்று, அடி தாங்காமல் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். அந்த அம்மா போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக்காரர் சந்தோசமாக இருந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காசு கொடுக்கிற நேரத்தில் அந்த அம்மா ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். ஒகேனக்கலில் எண்ணெய்க்கு என்ன, பரிசலுக்கு என்ன என்று அதில் போட்டிருக்கிறதாம். பஸ்ஸில் வருகிறவர் கொடுக்கிற அதே காசைத்தான் எண்ணிக் கொடுத்தார். அதில் பாதி டிரைவருக்கு.

எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை. ஊர்க் கூலியைக் கொடுத்தார்கள். டிரைவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தப்பா நெனைக்காத குரு. அவங்க செலவெல்லாம் இங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. ஏரோப்ளேன், ஓட்டல், கார், சாப்பாடு, எல்லாம் அவங்க ஊருலயே கட்டிட்டு வந்துட்டாங்க. பையில இருக்கறது சும்மா கைச்செலவு.”

கிளம்பும்போது அந்த அம்மா மேசையைக் கையால் தடவிப் பார்த்தார். பெட்டியில் மிச்சமிருந்த ஒரு ஆரஞ்சை எடுத்து என் கையில் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஒரு வார்த்தை பேச வரவில்லை. தமிழ் தெரிந்தவராக இருந்தாலும் வந்திருக்காது.

அந்த ஆரஞ்சை நான் தின்னவில்லை. மகளுக்கென்று வைத்தேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கூட்டம் நிறைந்த நேரத்தில், பாறையில் ஒருவருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மேலேயிருந்து கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். காலடியில் இரண்டு துணிப் பை, சாக்கில் கட்டிய பாத்திர மூட்டை. மூட்டைக்கு வெளியே புதுப் பானை ஒன்றின் கழுத்து தெரிந்தது. மகள் ஏற்கெனவே மேசை மேல் ஏறிப் படுத்திருந்தாள்.

தை மாதம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அவள் வந்துவிட்டாள். குடியிருக்க வந்திருந்தாள்.

எண்ணெய்க் கையோடு மேலே போனேன்.

“பென்னாகரத்துல எறங்கி நிக்கலாம்னு பாத்தேன். எந்தத் தெருன்னு தெரியல. அதான் நேரா இங்கயே வந்துட்டோம்” என்றாள். “வூடு எங்கீங்க பாத்திருக்கீங்க?”

நான் மேசையைப் பார்த்தேன். என்னால் சொல்ல முடிந்த பதில் அது ஒன்றுதான். அவளும் பார்த்தாள். அடுப்படியில் நின்ற அக்கா, கேட்காத மாதிரி சட்டியைக் கிண்டினார்.

“இது என்னாதுங்க?”

“வெள்ளைக்காரங்க வந்தா படுக்கறதுக்கு.”

“வந்தாங்களா?”

“ரெண்டு பேரு.”

அவள் மேசை விளிம்பில் கை வைத்து, மணல் தேய்த்த இடத்தை விரலால் தடவினாள். வெந்நீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. “நல்ல மரம்” என்று மட்டும் சொன்னாள். எங்கிருந்து வந்த காசு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

நான் மரப்பொந்தில் வைத்திருந்த ஆரஞ்சை எடுத்து மகளிடம் கொடுத்தேன். தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது.

“எங்கப்பா வாங்குனீங்க?”

“வெள்ளைக்காரம்மா குடுத்துச்சு.”

“இதானா குடுத்துச்சு?” என்றாள் மனைவி.

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். கீழே நான் பாதியில் விட்டுவந்த ஆள், “அண்ணே, எண்ணெ காயுதுண்ணே” என்று கத்தினார். நான் இறங்கிப் போனேன். தேய்த்து முடித்துத் திரும்பி வருகையில் மகள் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் புழுதியாக இருந்தன. துண்டை நனைத்துத் துடைத்து, உள்ளங்காலில் கொஞ்சம் சந்தன எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டேன். மனைவி தடுக்கவில்லை. எண்ணெய் தேய்க்கவென்று செய்த அந்த மேசை அதற்கு உபயோகப்பட்டது அந்த ஒரு முறைதான்.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினார்கள். மூட்டையை நான்தான் மேலே ஏற்றிக் கட்டினேன். “அங்க வேலைய வுடறேன்னு சொல்லாமத்தான் வந்தேன். போனா சேத்துக்குவாங்க” என்றாள். படியில் ஏறிக்கொண்டே, “அடுத்த வருசம் பாக்கலாம்” என்றாள்.

அடுத்த வருசமும் பார்க்கலாம் என்றுதான் ஆயிற்று. அதற்கடுத்த வருசமும். மகள் அங்கேயே பள்ளிக்கூடம் போனாள். அவர்கள் காணும் பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் வருவார்கள். காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மனைவி தானே மீன் வாங்கி அக்காவிடம் கொடுப்பாள், அக்கா வேண்டாம் என்றாலும் கூலியைக் கையில் திணிப்பாள். மகள் பரிசலில் போவாள். கூட்ட நாள் என்பதால் எனக்குப் பாறையில் வேலை இருக்கும். மேசை மேல் அவர்கள் இலை போட்டு உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார்கள். நான் போய்ச் சேர்ந்து சாப்பிடுவேன். நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்துவிடுவார்கள்.

ஒருமுறை அப்படி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான், என் வீட்டு ஆட்களும் இங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆகிவிட்டார்கள் என்று தோன்றியது. திரும்பிப் போகிற நேரத்தை வரும்போதே முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள். எங்களில் மற்றவர்களுக்கெல்லாம் அன்று அவர்களால் சில்லறை கிடைத்திருந்தது, எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

டிரைவர் ஒன்றிரண்டு வருசம் வந்தார். கூட்டி வந்தவர்கள் எல்லோரும் பாறையைத்தான் கேட்டார்கள். பஸ்ஸில் பை மாட்டிக்கொண்டு வருகிற வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் உண்டு. அவர்கள் அக்காவிடம் மீன் தின்று, பரிசல்காரர் வீட்டிலேயே படுத்து, நாட்கணக்கில் கிடப்பார்கள். அவர்களால் எங்களுக்கு நாலு காசு வந்ததுண்டு. லாட்ஜ் கட்டுகிறவர்கள் எந்த வெள்ளைக்காரரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும் என்றுதான் அன்று கூட்டத்தில் வாய் திறக்கப் பார்த்தேன்.

மேசை இப்போது என் குடிசைக்குள் இருக்கிறது. அதில்தான் படுக்கிறேன். தரையில் ஓதம் ஏறுவதால் அது சௌகரியம். நீளம் நிறைய. அகலம் ஒரு ஆளுக்கு மட்டும். புரண்டு படுத்தால் விழுந்துவிடுவேன் என்பதால் அசையாமல் படுக்கப் பழகிவிட்டேன்.

நேற்று ஆடிப் பதினெட்டு. வந்திருந்தார்கள். மகள் அம்மா உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள், அவளும் நூல் எடுக்கப் போகிறாள். “அம்மாவுக்கு இப்பல்லாம் வெந்நீர்ல கை வெக்க முடியலப்பா” என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். பஸ் ஏறுகிற வரைக்கும் மனைவியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பஸ் புறப்பட்டது. “உடம்பப் பாத்துக்குங்க” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

இன்று கூட்டமில்லை. காலையில் பென்னாகரம் போய் மேசை செய்த பாயைப் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்தில் அதே வேங்கையில் இன்னொரு பலகை சேர்த்தால் கட்டிலாகுமா என்று கேட்டேன்.

“ஆவும்” என்றார். “காலு ரெண்டு சேத்து வெக்கணும். இப்ப யாருங்க வராங்க?”

பலகைக்கு அளவு சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது விளக்கு வைக்கிற நேரம்.

1989, ஆடி பத்தொன்பது.